ஒலிப்பெட்டியில் கேட்கும் மின்சாரம்

மொழியியல் கற்ற ஒருவர் மின்சாரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று இவ்வவையிலுள்ள ஆசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். அதற்கு விடையாக, நமக்கு நேர்ந்த ஓர் இழப்பைச் சொல்லித் தொடங்குகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், செபராங் பிறைத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைக் கேசட்டுகளில் பதிவு செய்து வந்தோம். மலாய்மொழியிலிருந்து தோட்டத் தமிழுக்குள் வந்த சொற்களை அவர்கள் எவ்வாறு ஒலித்தார்கள் என்பது நம் ஆய்வுப்பொருள். 'பெலாச்சான்' என்னும் சொல்லின் முதலொலி மலாயில் குரல்நாண் அதிர்வோடு பிறப்பது. 'பாராங்' என்னும் சொல்லின் முதலொலி அதிர்வின்றிப் பிறப்பது. தமிழில் இரண்டையும் பகரத்தாலேயே எழுதுகிறோம். ஆகவே எழுத்தைப் பார்த்து எதையும் அறிய இயலாது. பேசுபவர் இதழ்கள் மூடியிருக்கும் அந்த நொடிப்பகுதியில் குரல்நாண்கள் அதிர்ந்தனவா இல்லையா என்பதைப் பதிவிலிருந்துதான் கண்டறிய வேண்டும். அதிர்ந்திருந்தால், ஆண்குரலாயின் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய கோடொன்று ஒலிவரைவின் அடியில் தெரியும். அதிராவிடில் அவ்விடம் வெறுமையாக இருக்கும்.

ஒருநாள் பதிவுக் கருவியின் பேட்டரிகள் தீர்ந்துபோயின. அவ்வீட்டுச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் மலிவான அடாப்டர் ஒன்றைச் செருகிப் பதிவைத் தொடர்ந்தோம். திரும்பி வந்து கேட்டபோது பேச்சு தெளிவாகவே இருந்தது. ஒலிவரைவைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. முதியவர் பேசிய இடத்திலும் பேசாத இடத்திலும் 100 ஹெர்ட்ஸ் அளவில் கோடொன்று முறியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அமைதி இருக்கவேண்டிய இடமெல்லாம் அதிர்வால் நிரம்பியிருந்தது. 'பாராங்' என்று அவர் சொன்னதும் 'பெலாச்சான்' என்று அவர் சொன்னதும் வரைவில் ஒன்றுபோலவே தோன்றின. மறுமுறை நாம் அங்குச் செல்வதற்குள் அம்முதியவர் காலமாகிவிட்டார்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தபோது, அது நம் கேசட்டுக்கு மட்டும் உரிய குறையன்று என்பதை அறிந்தோம். ஜுருவின் தாமான் வீடுகளில் பாட்டுக் கேட்பவர்களும், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒலிபெருக்கி வைப்பவர்களும் நாள்தோறும் எதிர்கொள்ளும் செய்தியே அது.

மலேசிய வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதன் அழுத்தம் முன்னர் 240 வோல்ட் எனக் குறிக்கப்பட்டது. 2008 சனவரி முதல் 230 வோல்ட் என்பது பெயரளவு. பெயரளவு என்று சொல்லக் காரணமுண்டு. அதற்கு மேலே 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும் போக விதி இடந்தருகிறது. எனவே 216 வோல்ட்டுக்கும் 253 வோல்ட்டுக்கும் இடையில் எது வந்தாலும் அது முறையான மின்சாரமே. அலைவெண்ணுக்கு இவ்வளவு தளர்ச்சி இல்லை. 50-ஐ ஒட்டி ஒரு விழுக்காட்டுக்குள் அது நிற்கும்.

இனி, இந்த மின்சாரம் எவ்வாறு பாட்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் தோற்றத்தைக் காற்றிலிருந்து தொடங்குகிறார். உள்ளிருந்து எழும் காற்று ஒன்றுதான். உறுப்புகள் அதனை வெவ்வேறாக வடிக்க, வெவ்வேறு எழுத்துகள் பிறக்கின்றன. ஆம்ப்ளிபயர் செய்யும் வேலையும் இதனோடு ஒத்ததே. வானொலியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வரும் பாட்டு மிக மெல்லிய குறிப்பு. ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் வலிமை அதற்கு இல்லை. அவ்வலிமை சுவரிலிருந்து வருகிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பாட்டின் வடிவில் வடித்து அனுப்புவதே ஆம்ப்ளிபயரின் தொழில். ஆகவே வீட்டில் நாம் கேட்கும் ஒவ்வொரு பாட்டும், சரியாகச் சொன்னால், வடிவு மாறிய வீட்டு மின்சாரமே. இடையில் ஒன்று சொல்லிச் செல்கிறோம்: பெருக்கும் வேலையை ஆம்ப்ளிபயர் செய்ய, 'ஒலிபெருக்கி' என்னும் பெயரைத் தமிழில் மற்றொரு பெட்டி பெற்றுக்கொண்டது. வழக்கில் நிலைத்த பெயரை இனி மாற்றுவதற்கில்லை. இவ்வுரையிலும் அவ்வழக்கையே பின்பற்றுகிறோம்.

மூச்சு நடுங்கினால் பேச்சும் நடுங்கும். அவ்வாறாயின், சுவரில் நொடிக்கு 50 முறை நடுங்கும் மின்சாரத்தைக்கொண்டு அமைதியான ஒலியை எப்படிப் பெறுவது? இதற்கு ஆம்ப்ளிபயருக்குள் மூன்று வாயில்கள் உண்டு. முதலில் டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தைக் குறைக்கிறது. அடுத்து டையோடுகள் முன்பின்னாக அலையும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அலையின் இருபாதியும் ஒருபக்கமாகத் திருப்பப்படுவதால், நொடிக்கு 50 அலை நொடிக்கு 100 துடிப்பாகிறது. நம் கேசட்டில் விழுந்த 100 இதுதான். மூன்றாவதாகக் கப்பாசிட்டர்கள் அத்துடிப்பைச் சமன் செய்கின்றன. நம் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தெருக்குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டி நிறைந்திருக்கும் வரை குழாயில் நீர் சீராகவே விழும். தொட்டி சிறிதாயின், அல்லது பழையதாகி ஒழுகினால், தெருக்குழாயின் தடுமாற்றம் குளியலறை வரை வரும். நம் அடாப்டரில் இருந்த தொட்டி மிகச் சிறியது.

நன்கு செய்யப்பட்ட கருவியில் இந்தத் தொட்டி பெரியது. அதற்குமேல் அழுத்தத்தை நிலைநிறுத்தும் சுற்றும் இருக்கும். அதனால்தான் 230 வோல்ட் 216 ஆகக் குறைந்தாலும் பாட்டின் தன்மை மாறுவதில்லை. நிலைநிறுத்தும் சுற்று இல்லாத ஆம்ப்ளிபயராயின், அதன் உச்ச ஆற்றல் ஏறக்குறைய 12 விழுக்காடு குறையும். அது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆயினும் செவியின் கணக்கில் அது அரை டெசிபெல் மட்டுமே. அதுவும் முழு ஒலியில் அலறவிடும்போதுதான். ஜுருவில் வீட்டுமனைகளும் தொழிற்பட்டறைகளும் அருகருகே இருப்பதால், பட்டறையில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் வீட்டு விளக்கு ஒருகணம் மங்குவதைச் சிலர் கண்டிருப்பர். "மின்சாரம் சரியில்லை, அதனால் பாட்டும் சரியில்லை" என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள். விளக்கு மங்கியது உண்மை. பாட்டைக் கெடுத்தது பெரும்பாலும் வேறொன்று.

அந்த வேறொன்றைக் கண்டறிய, கேட்கும் ஒலிக்குச் சரியான பெயரிடவேண்டும். 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொன்னால் பழுது பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இரட்டைக்கிளவிகளையும் ஒலிக்குறிப்புகளையும் இலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு அவற்றின் பயன் இங்கே தெரியவரும். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல 'ம்ம்ம்' என்று தாழ்ந்து ஒலிப்பதை முரல்தல் என்போம். வண்டுக்கும் யாழுக்கும் பழந்தமிழ் வழங்கிய சொல் அது. முரல்வு வந்தால் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் எங்கோ நுழைந்திருக்கிறது. 'ர்ர்ர்' என்று கூர்மையாக, தாளை விரலால் உரசுவதுபோல் வந்தால், விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர் போன்ற ஒன்று மின் அலையை நடுவில் வெட்டுகிறது என்று பொருள். 'டப்' என்று ஒருமுறை வந்து நின்றால், குளிர்சாதனப்பெட்டியின் மோட்டார் தொடங்குகிறது அல்லது நிற்கிறது. 'உஸ்ஸ்' என்று சீறினால் அதற்கும் வீட்டு மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. அது கருவியின் உள்ளுறுப்புகளில் இயல்பாகப் பிறப்பது. ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால், குமிழின் உள்ளே தூசி படிந்திருக்கிறது.

முரல்விலும் இருவகை உண்டு. ஒலிபெருக்கியில் காதை வைத்தால் அமைதியாகவும், ஆம்ப்ளிபயரில் காதை வைத்தால் முரல்வாகவும் இருந்தால், டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் அதிர்கின்றன. அது பாட்டுக்குள் நுழைவதில்லை. பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து ரப்பர் கால்மேல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒலிபெருக்கியிலிருந்தே வரும் முரல்வுதான் நாம் விரிவாகப் பேசவேண்டியது. ஆசிரியர்களுக்குப் பழக்கமான காட்சியிலிருந்து தொடங்குவோம். பள்ளி மண்டபத்தில் மடிக்கணினியை ஒலியமைப்போடு இணைக்கிறோம். இணைத்தவுடன் மண்டபம் முழுதும் முரல்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் முரல்வு நின்றுவிடுகிறது. மீண்டும் செருகினால் மீண்டும் வருகிறது. சார்ஜரில் பழுதென்று புதியது வாங்குகிறோம், புதியதும் முரல்கிறது. மேடையருகே ஒரு பிளக் பாயிண்டில் ஆம்ப்ளிபயரும், மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக் பாயிண்டில் மடிக்கணினியும் இருப்பதுதான் இதற்குக் காரணம்.

மூன்று கால் பிளக்கின் நீண்ட கால் எர்த் கம்பிக்கு உரியது. நம் நாட்டில் பொதுவாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலத்தில் அடிக்கப்பட்ட செம்பு பூசிய தண்டொன்று இருக்கும். எர்த் கம்பிகளெல்லாம் அங்கே சென்று சேர்கின்றன. நிலம் என்பது பூச்சிய வோல்ட் என்று பாடநூல் சொல்கிறது. பாடநூலின் பூச்சியம் கட்டடத்தில் அப்படியே கிடைப்பதில்லை. கம்பிகளுக்குச் சிறிதளவு மின்தடை உண்டு. கணினிகளும் விளக்குகளும் மிகச் சிறிய கசிவு மின்னோட்டத்தை எர்த் கம்பியில் விடுவதும் உண்டு. அதனால் மண்டபத்தின் ஒரு மூலையிலுள்ள பூச்சியமும் மறுமூலையிலுள்ள பூச்சியமும் சில மில்லிவோல்ட் வேறுபடும். தனித்தனியே இருக்கும் வரை இதனால் தீங்கில்லை. ஒலிக்கம்பியால் இரண்டையும் இணைத்தவுடன், எர்த் கம்பியும் ஒலிக்கம்பியின் வெளிப்பின்னலும் சேர்ந்து ஒரு முழு வளையமாகின்றன. அவ்வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றத் தொடங்குகிறது. ஒலிக்கம்பி பாட்டுக்கு வழியாக இருப்பதால், அதில் ஓடும் மற்றதையும் ஆம்ப்ளிபயர் பாட்டென்றே எண்ணிப் பெருக்குகிறது. பாட்டின் குறிப்பு ஒரு வோல்ட்டாகவும் நுழைந்த முரல்வு ஒரு மில்லிவோல்ட்டாகவும் இருந்தாலே, அமைதியான இடத்தில் செவி அதைக் கண்டுகொள்ளும்.

இதன் தீர்வுக்குப் பெரும்பாலும் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. இரு கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் வழியாக இயக்கினால், இரு பூச்சியங்களும் ஒன்றாகிவிடும். வீட்டில் பல கருவிகள் இணைந்திருந்தால், ஒலிக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். எதைக் கழற்றும்போது முரல்வு நிற்கிறதோ அதுவே வளையத்தின் வாசல். தொலைக்காட்சியின் வான்கம்பியும் செயற்கைக்கோள் தட்டின் கம்பியும் இப்படி வாசலாவது மிகுதி. மண்டபத்தின் நீளம் காரணமாக ஒரே பிளக் பாயிண்டில் இணைக்க இயலாதபோது, ஒலிக்கம்பியின் நடுவே வைக்கும் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் விற்கிறது. பாட்டு அதன் காந்தப்புலத்தின் வழியே கடக்கும். கம்பித் தொடர்பு அறுந்துவிடுவதால் வளையம் அறும்.

இன்னொரு தீர்வும் மக்களிடையே வழங்குகிறது. அதைச் சொல்லத் தயங்குகிறோம். சொல்லாமல் விடுவது அதைவிடத் தீது. பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது அது. வளையம் அறுந்து முரல்வு உடனே நின்றுவிடும். அதனால் இதைச் செய்தவர் தம்மைக் கைதேர்ந்தவராகவே கருதிக்கொள்வார். நாமும் ஒருமுறை, ஒரு விழாவுக்கு முந்திய இரவில், ஒலியமைப்பாளர் ஒருவர் அவ்வாறு செய்வதைப் பார்த்துக்கொண்டு வாளா இருந்தோம். அன்று விழா குறையின்றி நடந்தது. அதை நினைக்குந்தோறும் இப்போதும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

எர்த் கம்பி இருப்பது பாட்டுக்காக அன்று. உள்ளே ஒரு கம்பி நைந்து ஆம்ப்ளிபயரின் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் அப்பெட்டியில் ஏறி நிற்கும். எர்த் இருந்தால் மின்னோட்டம் அவ்வழியே நிலத்துக்கு ஓடும், இ.எல்.சி.பி. என்று நாம் அழைக்கும் துண்டிப்பான் அதை உணர்ந்து கணத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். எர்த் இல்லாவிடில் மின்சாரம் அங்கேயே காத்திருக்கும். ஆம்ப்ளிபயரோடு இணைந்த மைக்கின் உலோக உடலும் அதே அழுத்தத்தில் காத்திருக்கும். 1972-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்ட அளவில் மின்சாரம் தாக்கி மாண்டார்; எர்த் முறையாக இணைக்கப்படாமையே அதற்குக் காரணம். நம் பள்ளி மேடைகளில் மைக்கைப் பிடித்துக் கவிதை சொல்வோர் பத்து வயதுக் குழந்தைகள்.

வீடுகளில் இதன் தம்பி ஒருவன் உண்டு. இரண்டு கால் பிளக்கை மூன்று துளைப் பாயிண்டில் செருகுவதற்காக, மேல்துளையில் பேனாவையோ சாவியையோ விட்டு மூடியைத் திறப்பார்கள். நம்மில் பலர் சிறுவயதில் இதைச் செய்தே பாட்டுக் கேட்டோம். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை என்பது உண்மைதான். ஆயினும் உலோகச் சாவியைத் துளைக்குள் விடும் பழக்கத்துக்கு அது நியாயமாகாது. அடாப்டர் ஒன்று சில வெள்ளியில் கிடைக்கிறது.

முரல்வு இருப்பதால் இசைக்கு என்ன கேடு என்று கேட்பாருண்டு. பேச்சாயின் செவி அதைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்ளும். கருநாடக இசையில் அது சுருதியோடு மோதுகிறது. 5 கட்டைச் சுருதியில் பாடும் பெண்குரலின் ஆதார சட்சம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். முரல்வு 50 ஹெர்ட்ஸில் மட்டும் நிற்பதில்லை. 100, 150, 200 எனத் தன் மடங்குகளையும் உடன்கொண்டு வரும். தம்புராவின் 196-உம் முரல்வின் 200-உம் ஒருசேர ஒலிக்கும்போது, நொடிக்கு 4 முறை ஒலி எழுந்து விழும் துடிப்புத் தோன்றும். சுருதி சேராத தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடுவதற்கு ஒப்பானது அது. பாட்டு ஏனோ ஒட்டவில்லை என்று கேட்பவர் உணர்வார். பாடகியையோ பதிவையோ குறைகூறுவார்.

மின்சாரம் பாட்டின் சுருதியையே மாற்றிய காலமும் உண்டு. பழைய இசைத்தட்டுக் கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றியது. 60 ஹெர்ட்ஸ் வழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்த அத்தகைய கருவியை இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலவேண்டிய தட்டு 27.8 முறையே சுழலும். 5 கட்டைப் பாட்டு 3 கட்டைக்கு இறங்கிவிடும். தனி ஜெனரேட்டரில் ஓடிய தோட்டங்களில் இன்னொரு வேடிக்கை நிகழ இடமிருந்தது. மாலையில் லயங்களில் விளக்குகள் ஒருசேர எரியத் தொடங்கும்போது ஜெனரேட்டர் சற்றுத் தளர்ந்து 50 ஹெர்ட்ஸ் 48 ஆனால், பாடிக்கொண்டிருக்கும் தட்டின் சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இன்றைய கருவிகள் குவார்ட்ஸ் படிகத்தால் காலங்கணிப்பதால் இக்குறை நீங்கிற்று. பினாங்குத் தைப்பூசத்தின் தண்ணீர்ப்பந்தல்களில் ஜெனரேட்டர் தடுமாறும்போது விளக்கு மினுக்கினாலும் பாட்டின் சுருதி இறங்காமல் இருப்பது அதனால்தான்.

மின்சாரத்தின் வடிவமே கெட்டுப்போகும் நிலை வேறு. 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, வீடுதோறும் இன்வெர்ட்டர்கள் நுழைந்தன. அவற்றுள் விலை குறைந்தவை வளைந்தெழும் அலைக்கு மாற்றாகச் சதுர அலையைத் தந்தன. சதுர அலையில் மேல்மடங்குகள் மிகுதி. மின்விசிறி 'கொர்' என்றது, ஒலிப்பெட்டி 'ர்ர்ர்' என்றது. அங்கே உண்மையாகவே மின்சாரத்தின் தரம் செவியில் விழுந்தது.

ஆனால், தரமான மின்சாரத்தையே மேலும் தூய்மையாக்குவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கப்படும் மின்கம்பிகளைப் பற்றி நம் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மின்நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் சாதாரணக் கம்பியில் வந்து, வீட்டுச் சுவருக்குள்ளும் சாதாரணக் கம்பியிலேயே ஓடிய மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டரில் மட்டும் புனிதமடையும் வழியை இயற்பியல் காட்டவில்லை. அப்பணத்தைக்கொண்டு எர்த் தண்டைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் மின்னெழுச்சியைத் தடுக்கும் காப்பான் ஒன்றை வாங்கி வைக்கலாம். மழை கருக்கும்போது மின் பிளக்கோடு வான்கம்பியையும் பிடுங்கிவிடுதல் அதைவிட நன்று.

மின்னல் என்றவுடன் வானொலி நினைவுக்கு வருகிறது. மலேசியத் தமிழ் வானொலிக்கு அதுவே பெயராயிற்று. பினாங்கில் 1934-இல் வானொலிச் சங்கமொன்று மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கியது. அக்கால முறையில் ஒலி, அலையின் உயரமாக ஏறிவந்தது. மின்னலும் டிம்மரும் மோட்டாரும் கிளப்பும் இரைச்சலும் உயரமாகவே ஏறுவதால், வானொலிப்பெட்டியால் பாட்டையும் இடியையும் பிரித்தறிய இயலவில்லை. பண்பலையில் ஒலி, அலைவெண்ணின் மாற்றமாக ஏறிவருகிறது. உயரத்தில் ஏறியதைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். மின்னலை வடிகட்டக்கூடிய முறையில் ஒலிபரப்பாகும் நிலையத்துக்கு 'மின்னல்' என்று பெயரிட்டதை எண்ணி நாம் சிலமுறை தனியே நகைத்ததுண்டு.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேசட்டுக்குத் திரும்புவோம். கணினியைக்கொண்டு 100 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டியெறியலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். வெட்டலாம். ஆனால் அம்முதியவரின் குரலும் 100-ஐ ஒட்டியே இயங்கியது. முரல்வை வெட்டும் கத்தி அவர் குரலின் அடித்தளத்தையும் வெட்டும். அதிர்வு இருந்ததா இல்லையா என்னும் கேள்விக்கு உரிய சான்றே அப்போது அழிந்துபோகும். ஆகவே மூலத்தைத் தொடாமல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் அப்படியே எண்மமாக்கி வைத்தோம். கேட்பதற்கு மட்டும் தூய்மை செய்த படியொன்றைத் தனியே எடுத்தோம்.

மூலத்தைத் தொடாதது நன்றாயிற்று. ஒன்றோடொன்று பிணைந்த மின்கட்டமைப்பில் அலைவெண் எங்கும் ஒருசேர ஏறி இறங்குகிறது. ஜுருவில் 49.97 ஆக இருக்கும் கணத்தில் ஜொகூர்பாருவிலும் அதுவே. இவ்வேற்ற இறக்கம் எந்த நாளிலும் அப்படியே திரும்ப வருவதில்லை. அதனால், ஒரு பதிவினுள் புகுந்த முரல்வை மின்கட்டமைப்பின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, அப்பதிவு எந்த நாளில், எந்த மணியில் எடுக்கப்பட்டது என்று ருமேனியா, பிரிட்டன் முதலிய நாடுகளின் தடயவியலாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பதிவின் நடுவே ஒரு பகுதியை வெட்டி ஒட்டியிருந்தால், முரல்வின் அலை அங்கே முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கேசட்டின் வேகம் தானே தடுமாறுவதால், நாளையும் மணியையும் அதிலிருந்து எடுப்பது அரிது. ஆனால் வேறொன்று கிடைத்தது. அண்மையில் அந்நாடாவை வேறொரு கருவியில் ஓட்டி அளந்தபோது, முரல்வு 100-இல் நிற்காமல் 97-இல் நின்றது. வீட்டு மின்சாரம் 3 விழுக்காடு குறைந்திருக்க வழியில்லை. எனவே நாடாவே அந்த அளவுக்கு மெதுவாக ஓடுகிறது. 97-ஐ 100 ஆக்கும் அளவுக்கு அதன் வேகத்தைக் கூட்டினோம். அவருடைய குறிலும் நெடிலும் அவர் சொன்ன அளவுக்குத் திரும்பின. குரல் சற்றே உயர்ந்து, நாம் அன்று அவர் வீட்டுத் திண்ணையில் கேட்டதுபோல் ஆயிற்று. 'பெலாச்சான்' பற்றிய நம் கேள்விக்கு மட்டும் அந்நாடாவில் இன்றுவரை விடை கிடைக்கவில்லை.